ஒச்சப்பனின் புறங்கை

வண்டியை நிறுத்தியதும் ஒச்சப்பன் டீக்கடைப் பக்கம் திரும்புவதில்லை. சக்கரத்தருகே குனிந்து, உள்ளே இருக்கும் பிரேக் டிரம்மில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒவ்வொரு சக்கரமாகப் போவார். கை பொறுக்கும் சூடு என்றால் முகம் தெளியும். பொறுக்கவில்லை என்றால் அரை மணி நேரத்துக்கு அந்த இடத்தை விட்டு நகரமாட்டார், பின்னால் கலெக்டரே வந்து ஹாரன் அடித்தாலும் சரி.

கொடைக்கானல் மலைப்பாதையில் எந்த வண்டி படுத்துக்கொண்டாலும் வத்தலக்குண்டில் அவரைத் தேடித்தான் ஆள் வரும். படுத்த வண்டியை வளையாத இரும்புக் கம்பியால் தன் லாரிக்குப் பின்னால் பூட்டி இறக்கிக்கொண்டு வந்துவிடுவார். கயிறு என்ற பேச்சே அவரிடம் ஆகாது. "கயிறு இழுக்க மட்டுந்தான் செய்யும். எறக்கத்துல முதுகுல வந்து முட்டுற வண்டிய அது என்ன செய்யும்?" என்று கேட்பார். முப்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, பீடி கிடையாது. ஏற்றத்தில் மாமியார் வீட்டுச் சண்டை முழுவதையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வருகிற மனிதர், இறக்கம் தொடங்கியதும் ஊமையாகிவிடுவார். இஞ்சின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டுமாம்.

அவர் வேலை பார்க்கும் மரக்கடையின் முதலாளி பழைய பெட்ரோல் லாரியைத் தள்ளிவிட்டு வாங்கிய டீசல் லாரி அது. அதில் எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று உண்டு. காலடியில் ஒரு குமிழ். அதை மிதித்தால் புகைக்குழாயின் வாய் அடைபடும். புகை போக வழியில்லாமல் இஞ்சின் திணறி, வண்டியின் வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். பிரேக் கட்டை சூடேறாமல் மலையிறங்கலாம். மற்ற டிரைவர்கள் அதைக் காட்டச் சொன்னால் ஒச்சப்பனுக்கு வாயெல்லாம் பல். ஆனால் காட்டி முடித்ததும் குரல் மாறிவிடும். "கியர்ல கெடந்தாத்தேன் இது வேலை பாக்கும். கிளச்ச மிதிச்சீகன்னாலோ நியூட்ரல் போட்டீகன்னாலோ இது வெறுங்குமிழு. மேல நிக்கிறப்பவே சின்ன கியரப் போட்ருங்க. பாதி எறக்கத்துல தேடுனா சிக்காது."

அவருக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது. லாரி வந்த புதிதில், மரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மழையில் இறங்கும்போது குமிழை அழுத்தி மிதித்துவிட்டார். லாரியின் பின்சக்கரங்கள் மட்டும் பிடித்துக்கொண்டன. டிரெய்லருக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. அது பாட்டுக்கு வந்து முட்டியதில் லாரி சுழன்று, வந்த வழியைப் பார்த்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஒச்சப்பனால் எழுந்து நிற்க முடியவில்லை. எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவர் இதை மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த ஆனி மாதம் ஒரு பிற்பகலில் பெருமாள்மலைக்குக் கீழே பவுல்ராஜின் லாரி நின்றுபோனது. பவுல்ராஜுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. இருபது வருடமாகச் சாணார்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தக்காளி ஏற்றியவர். சமதளத்தில் நியூட்ரலில் உருட்டி டீசலை மிச்சம் பிடித்தே பழகிய கால் அவருடையது. மலைக்கு அன்றுதான் முதல் தடவை. லாரி நிறையப் பேரிக்காய். அதன் வியாபாரி சோலைமலை, விடிந்தால் மதுரைச் சந்தை என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஆள் போய்ச் சொன்னதும் லாரியோடு வந்து சேர்ந்த ஒச்சப்பன், பாதிக் கூடைகளைத் தன் லாரிக்கு மாற்றச் சொன்னார். சோலைமலை முணுமுணுத்தார்.

"முன்னால போறது கனமா இருக்கணும்ங்கய்யா. இல்லாட்டிப் பின்னால வாரது நம்மள ஓட்டும்."

பிறகு பவுல்ராஜிடம் போனார். "அண்ணே, இஞ்சின் செத்த வண்டி. பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும், ஏறித்தான் மிதிக்கணும். நான் சன்னல்ல கைய நீட்டுனா மிதிங்க, உள்ள இழுத்தா விட்ருங்க. மிதிச்சுக்கிட்டே வந்துராதீக, கட்டை வெந்துரும்."

பவுல்ராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

காய்ந்த பாதையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டாவது கியர், காலடியில் குமிழ். ஒச்சப்பனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு திருப்பத்தில் கீழே பாதை ஈரமாகப் பளபளப்பது தெரிந்ததும் ஒச்சப்பன் வண்டியை நிறுத்திவிட்டார்.

"இம்புட்டு நேரம் நல்லாத்தானப்பா வந்துச்சு? அந்தக் குமிழ அமுக்கிக்கிட்டே போக வேண்டியதுதான?"

ஒச்சப்பன் இறங்கிப் பின்வண்டிக்குப் போனார். "அண்ணே, இனிமே ஈரம். நான் குமிழத் தொட்டா எஞ் சக்கரம் மட்டும் பிடிச்சு வழுக்கும், நீங்க வந்து முட்டுவீக. இனி ஒங்க காலுதான் ரெண்டு வண்டிக்கும்."

"எனக்கு ஒதறுது அப்பு."

"எனக்குந்தாண்ணே. மொத கியர்லயே போவோம். எங் கையப் பாத்துக்கிட்டே வாங்க."

தூறலில் அவர் கை நீண்டது, மடங்கியது, மறுபடி நீண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முதுகில் தள்ளு விழுந்தது. கையை நீட்டினார். பின்னால் பிடிப்பு விழவில்லை. வலது பக்கம் தடுப்புச் சுவர், அதற்கு அப்பால் வெறும் மஞ்சு மூட்டம்தான். கால் தானாகக் குமிழை நோக்கிப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை இழுத்துக்கொண்டார். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி அடங்கியது.

அடிவாரத்தில் காமக்காப்பட்டி வந்ததும் சோலைமலை கூடைகளைப் பார்க்க ஓடினார். ஒச்சப்பன் புறங்கையோடு குனிந்தார். முதலில் தன் வண்டி, பிறகு பவுல்ராஜின் வண்டி. எல்லாச் சக்கரத்திலும் கை பொறுக்கும் சூடுதான்.

பவுல்ராஜ் இன்னும் இறங்கவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. "எறங்க முடியலப்பு. காலு நிக்க மாட்டேங்குது" என்றார்.

ஒச்சப்பன் கதவைத் திறந்து, படியில் ஏறி, அந்த முழங்காலின் மேல் புறங்கையை வைத்தார்.

"என்னப்பா, கெளம்பலாமா?" என்று கீழேயிருந்து சோலைமலை கேட்டார்.

"செத்த நேரம் ஆகட்டும்யா" என்றார் ஒச்சப்பன். கையை எடுக்கவில்லை.