பெண் பார்க்க வந்த நாளில் பந்து பார்க்கப் போனவர்

எங்கள் பெரியப்பாவை வைத்துக்கொண்டு அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர் அப்பாவின் அண்ணன். பிரிக்பீல்ட்ஸில் ரயில்காரர்களுக்கென்று கட்டியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் எங்களோடுதான் இருந்தார். இஞ்சின் கொட்டகையில் ஃபிட்டர் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அவரு பந்தைக் கட்டிக்கிட்டவரு" என்று அம்மா சொல்வாள். தாத்தாவும் பாட்டியும் எப்போதோ போய்விட்டதால் வீட்டுக்கு மூத்தவர் அவர்தான். அவர் தலையசைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது நடக்காது. இப்படிப்பட்ட பொறுப்பைக் கடவுள் ஏன் ஒரு பந்துப் பைத்தியத்திடம் கொடுத்தார் என்பது அம்மாவின் நெடுநாள் கேள்வி.

அந்தப் பைத்தியத்துக்குக் காரணமான திடல் எங்கள் வீட்டுக்கு எதிரில், சாலையைத் தாண்டினால் வந்துவிடும். திடல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், எங்கள் வீட்டுப் பேச்சில் பாடாங். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். மழை பெய்தால் ஒரு மூலையில் குளம் கட்டிவிடும், பந்து அதில் மிதக்கும். தண்டவாளத்தில் ரயில் போனால் கரும்புகை வந்து கோல்கீப்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான். அந்த நேரம் பார்த்து எதிராளி கோல் போட்டால் அடிதடி. இதில் ஒன்றைக்கூடப் பெரியப்பா குறை என்று ஒப்புக்கொண்டதில்லை. "சரிவு இருந்தாத்தான் ஆடறவனுக்குப் புத்தி வேலை செய்யும்" என்பார். சாயங்கால ஆட்டத்துக்குச் சோறு தின்ற கையோடு கிளம்பிப் போய், கோலுக்குப் பின்னால் இருந்த மழை மரத்தடியில் இடம் பிடித்துக்கொள்வார். நம் ஆட்கள் தோற்றால் அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு கிடையாது. ஆக்கிய சோறு வீணாகிறதே என்று அம்மாவுக்கு வயிறு எரியும்.

அந்தத் திடலை எடுத்துச் சாமான் கொட்டகை கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் எழவு விழுந்தது போல் ஆகிவிட்டது. பெரியப்பா சவரம் செய்துகொள்வதை நிறுத்தினார். வேலை விட்டு வந்ததும் திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அளக்க வந்தவர்கள் முனையில் சிவப்புச் சாயம் அடித்த முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். காலையில் ஒன்றையும் காணவில்லை. மறுபடி அடித்தார்கள், மறுபடி காணவில்லை. அந்த வாரம் எங்கள் அடுப்படியில் விறகுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் சிவப்பு முனை விறகு.

"உங்கண்ணன் ஜெயிலுக்குப் போனா நான் சோறு தூக்கிட்டுப் போவ மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். சொல்லிக்கொண்டே இன்னொரு முளையை அடுப்புக்குள் தள்ளினாள்.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அதே சனிக்கிழமைதான் கிள்ளான் மாமா எங்களோடிருந்த அத்தையைத் தனக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நாள். பந்துக்காக மாற்ற முடியுமா?

கிள்ளான் மாமா அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். கிள்ளானில் அரிசி மண்டி, சொந்தமாக மோட்டார், விரலுக்கு விரல் மோதிரம். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் மூன்று பேர். மூத்த பையனுக்கு மீசை அரும்பிவிட்டது. அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை, அந்தப் பையனைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். எனக்கு அதெல்லாம் கணக்கில்லை. அத்தை மோட்டாரில் போனால் என்னையும் ஏற்றிக்கொள்வாள், கிள்ளான் முழுவதும் சுற்றலாம் என்பதுதான் என் யோசனை. அத்தையிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் என்ன செய்வார்? அம்மாவின் ஆட்கள், தங்களுக்குப் பெண் தர மறுத்த வீட்டு வாசலை அதற்குப் பிறகு மிதிப்பதில்லை, சாவுக்குக்கூட. அப்படி முறித்துக்கொண்ட வீடுகள் அம்பாங்கில் ஒன்று, ரவாங்கில் ஒன்று எனக்கே தெரியும்.

"கடைசி ஆட்டமா இருந்தாலும் நீங்க வீட்ல இருக்கணும்ணே. நீங்க இல்லாம தட்டு மாத்த முடியாது" என்றார் அப்பா. பெரியப்பா சரி என்று தலையாட்டினார். அந்த வாரம் முழுக்க ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஈட்டைத் தின்றுகொண்டிருந்தேன். பெரியப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

"நான் போகட்டுமாம்மா?"

அத்தை தலையைத் தூக்கவில்லை. "போங்கண்ணே."

"வர்றவங்க முன்னால உங்க எல்லாருக்கும் அசிங்கமாயிடும்."

"பரவால்ல. போங்க."

அவர் போய்விட்டார். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எண்ணெய்ப் புகை. இவ்வளவு இளகிய மனசு இருந்தால் இவள் கிள்ளானில் போய் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

மோட்டார் வந்தது. கிள்ளான் மாமா தங்கப் பொத்தான் போட்டுக்கொண்டு இறங்கினார், பின்னாலேயே பெண்டுகளும் கைத்தடியோடு ஒரு பெரியவரும். எல்லோரையும் உட்கார வைத்த பிறகுதான் மூத்தவரைக் காணவில்லை என்று தெரிந்தது. அம்மா சிரித்த முகத்தோடு என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "ஓடு, பாடாங்லதான் இருப்பாரு. கையோட கூட்டிட்டு வா" என்றாள்.

புதுப் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடினேன். ஊரே அங்கே இருந்தது. தமிழர், மலாய்க்காரர், சீனர், தலைப்பாகை கட்டிய பஞ்சாபிகள், எல்லோரும் எல்லைக் கோட்டை மிதித்துக்கொண்டு நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மழை மரத்தடியில்தான் இருந்தார். ஆனால் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றிருந்தார்.

"வண்டி நிக்குதா?" என்றார்.

"நிக்குது. உங்களுக்காகத்தான் எல்லாரும் உக்காந்திருக்காங்க. அம்மா கூப்பிடுறாங்க."

"வரேன்னு சொல்லு."

ஓடிப்போய்ச் சொன்னேன். காப்பி ஆறியது. அவர் வரவில்லை. அம்மா என் கையில் ஒரு கிள்ளு கிள்ளி மறுபடி துரத்தினாள். நான் என்ன பாவம் செய்தேன் என்று அழுதுகொண்டே ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது நம் ஆட்களில் குட்டையான ஒருவர் வெறுங்காலோடு மூன்று பேரைத் தாண்டி வந்து, மழை மரத்துப் பக்கத்துக் கோலுக்குள் பந்தை அடித்தார். தொப்பிகள் மேலே பறந்தன. பந்தே பிடிக்காத எனக்குக்கூட உடம்பு சிலிர்த்தது. பெரியப்பா திரும்பவில்லை.

"கோலு, பெரியப்பா."

"ம்."

அவர் கண் எங்கள் வீட்டு வாசலிலேயே இருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், மரத்தை இழுப்பது போல் இருந்தது. சற்று நேரத்தில் கைத்தடிப் பெரியவர் வேகமாக வெளியே வந்தார். பின்னாலேயே மாமா. அப்பா கையைப் பிசைந்துகொண்டு கூடவே ஓடினார். மோட்டார் புகையைக் கக்கிக்கொண்டு போயிற்று. அது கண்ணுக்கு மறைந்ததும் பெரியப்பா மரத்தின் வேரில் உட்கார்ந்தார். அதே சமயம் விசில் அடித்து ஆட்டமும் முடிந்துவிட்டது.

ஜனம் திடலுக்குள் இறங்கியது. யாரோ கோல் கம்பத்துக்கு மாலை போட்டார்கள், சிலர் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்போதுதான் பெரியப்பா திரும்பிப் பார்த்தார். ஓரம் முழுக்க, மேடு, பள்ளம் எல்லாம் பார்த்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தை கல்யாணம் கெட்டுப்போயிருக்கிறது, இந்த மனுஷன் புல்லுக்கு அழுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்று அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "பந்துக்குக் குடுக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா" என்று கிள்ளான்காரர்கள் கேட்டுவிட்டுப் போனார்களாம். ஆனால் பைத்தியக்காரன் செய்ததற்கு வீட்டோடு என்ன பகை என்று, அம்மாவின் ஆட்கள் போக்குவரத்தை நிறுத்தவில்லை. சில வருடம் கழித்து அத்தை தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அப்போதும் அம்மாவுக்கு ஆறவில்லை. ஒரு பந்தாட்டத்துக்காகத் தங்கச்சி வாழ்க்கையை உதைத்துத் தள்ளியவர் என்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருப்பார்.

ஆட்டம் நடந்த அன்று ராத்திரி யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தை மட்டும் இலை போட்டு, கிள்ளான்காரர்கள் தொடாத வடையில் நாலைந்தை எடுத்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அது அடுக்கவே இல்லை. எல்லோரையும்விட அவளல்லவா கோபப்பட வேண்டியவள். அப்பா வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "யாருதான் ஜெயிச்சா?" என்று கேட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நம்மாளுங்கதான்" என்று நான் சொன்னேன். அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிப் போட்டான், எந்தப் பக்கத்திலிருந்து வந்தான் என்று என்னிடம் கேட்கத் தொடங்கினார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். மத்தியானம் முழுக்க அங்கேயே நின்ற மனுஷன் இதைப் போய் என்னிடம் கேட்கிறாரே என்று அலுத்துக்கொண்டே சொன்னேன்.