பெட்டிக்குள் வளர்ந்த பரங்கிக்காய்

எதிரே வந்த எல்லோருக்கும் மலை வலது கைப் பக்கம் இருந்தது. எனக்கு மட்டும் இடது கைப் பக்கம். அடி அண்ணாமலையை விட்டு செங்கம் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பௌர்ணமி சாயங்காலம். அந்தக் காலத்தில் கிரிவலத்துக்கு இன்றைய கூட்டம் கிடையாது. ஆனால் பத்தடிக்கு ஒருத்தர் என்னைத் திட்டும் அளவுக்கு ஆள் இருந்தது.

"யோவ், சுத்தற பக்கமா போய்யா. சாமிக்கு எதுத்துக்கினு வர்றான் பாரு."

"குடிச்சிருக்கான். வுடு."

நான் குடிக்கவில்லை. கீழ் உதடு கிழிந்திருந்தது. இடது காது ஒரே இரைச்சலாக இருந்தது. தோளில் நான்கு பக்கப் பலகை, ஓர் அடிப்பலகை, எல்லாம் சேர்த்துக் கட்டுக்கம்பியால் சுற்றியது. மேல் பலகையில் மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்தன. அதைப் பார்த்து ஓர் அம்மாள் ஒதுங்கி நின்றாள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. திட்டினவர்களை மறந்துவிட்டேன். அவளை இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து எல்லோரும் செய்த காரியம் அதுதான்: பலகையைப் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை.

அந்தப் பலகைகள் ஒரு பெட்டியாக இருந்தவை. அதை அடித்தது நான்.

அதற்கு முந்தின வருஷம், அதாவது எண்பதுகளின் தொடக்கத்தில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரர் அறையைக் காலி செய்தபோது வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகத்தை விட்டுப் போனார். நான் ஆறாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. உலகத்தில் இருக்கிற கோணல்மாணல்களையெல்லாம் தேடிப் பிடித்துப் படமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பாறையின் நுனியில் விழாமல் நிற்கிற இன்னொரு பாறை. இரண்டு தலை ஆமை. கூரையைத் தரையில் வைத்து வாசலை வானத்தில் வைத்துக் கட்டிய வீடு. கிளைகளை வளைத்து வளைத்து நாற்காலியாகவே வளர்த்த மரம். கடைசிப் பக்கத்தில், பெட்டிக்குள் வைத்து வளர்த்த தர்பூசணி. செங்கல் மாதிரி சதுரமாக இருந்தது.

பல நாள் புரட்டிய பிறகுதான் ஒன்று பிடிபட்டது. பாறைக்கும் ஆமைக்கும் பக்கத்தில் யாரும் இல்லை. வீட்டுக்கும் மரத்துக்கும் தர்பூசணிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். செய்தவன். தர்பூசணிக்காரன் என்னைப்போல் குட்டை. முழங்காலில் சேறு. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லத் தயார் என்பதுபோல் நின்றான்.

நான் செங்கல் சூளையில் கல் அறுத்திருக்கிறேன். லாரியில் கிளீனராக ஓடியிருக்கிறேன். கிணறு வெட்டியிருக்கிறேன். நான் அறுத்த கல் எந்த ஊரில் எந்தச் சுவரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அந்த ஆளைப்போல் ஒரே ஒரு தடவை, நான் செய்த ஒன்றின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் பேசினேன். அவருக்கு வேடிக்கையாக இருந்தது. "சதுரக் காய எடுத்துக்கினு வா. உன்ன பக்கத்துல நிக்க வச்சு எடுத்து கடைக் கண்ணாடியிலயே மாட்டறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறை பெருக்கும் வேலை போனதும், அடி அண்ணாமலையில் ஒரு விவசாயியிடம் தண்ணீர் பாய்ச்சச் சேர்ந்தேன். மலை சுற்றும் பாதையை ஒட்டிய நிலம். மோட்டார் கொட்டாயில் படுக்கை. காலையில் கூழ், ராத்திரி சோறு. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்வதற்கு அவர் ஒரு நாளும் இடம் கொடுத்ததில்லை.

வரப்போரத்துப் பரங்கிக் கொடியில் மூன்று பிஞ்சு கேட்டேன்.

"தின்றதுக்கா?"

"இல்லண்ணா. பொட்டிக்குள்ள வச்சு வளக்கணும்."

"பிஞ்சுக்கு ஜெயிலா? இன்னாடா தப்பு பண்ணுச்சு அது?"

அவர் மனைவி களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "அவனுக்கு மேலுக்கு ஒரு சொக்கா இல்ல. பரங்கிக்காய்க்குப் பலகைல சொக்கா தெக்கிறான்."

அந்த வாரம் முழுக்க ஊரில் எனக்குச் சொக்காக்காரன் என்று பெயர்.

முதல் காய் அழுகிப்போனது. பெட்டியின் அடியில் ஓட்டை போட எனக்குத் தோன்றவில்லை. ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கிவிட்டது. இரண்டாவது காய் நன்றாக வந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு பலகைகள் நாலாபக்கமும் விழுந்து கிடந்தன. நடுவில் காய் மறுபடி உருண்டையாகிக் கொண்டிருந்தது. பரங்கிக்காய்க்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. மூன்றாவது தடவை அடியில் ஓட்டை போட்டு, வெளியே கட்டுக்கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கினேன். ஆனால் பலகை தீர்ந்துவிட்டது. ஒரு பக்கப் பலகை இரண்டு விரல் அகலம் குறைந்தது. அந்த மூலையில் சந்து விழுந்தது. காம்பு தெற்கிலிருந்து வந்ததால் சந்து விழுந்த பக்கத்தை வடக்கே திருப்பி வைத்தேன். மேல்மூடிக்கும் பலகை இல்லை. திறந்தபடி விட்டேன்.

பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் கம்பியை அவிழ்த்தேன். காயின் கீழ்ப்பாதி நாலு மூலையும் வெட்டினதுபோல் சதுரம். பலகையின் ரேகை தோலில் அப்படியே பதிந்திருந்தது. ஓர் ஆணித் தலைகூடப் பதிந்திருந்தது. மூடி இல்லாததால் மேல்பாதி உருண்டையாக எழும்பி நின்றது. சந்து இருந்த இடத்தில் மட்டும் சதை பிதுங்கி ஒரு நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அது பெரிய அசிங்கமாகப் பட்டது. படம் எடுக்கும்போது அந்தப் பக்கத்தை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கூழ் கொண்டுவந்த அவர் மனைவி தூக்கைக் கீழே வைத்தாள். கிண்டலுக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. பிறகு இரண்டு கையையும் கூப்பினாள்.

"இன்னாங்க, இங்க வாங்களேன். ஆவுடையாரு."

அவர் வந்தார். குந்தினார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். லிங்கத்துக்குப் பீடம் மாதிரி கீழே சதுரம், மேலே உருண்டை, அபிஷேகத் தண்ணீர் வழிகிற கோமுகி மாதிரி அந்த நாக்கு. கோயிலில் அது எந்தப் பக்கம் இருக்குமோ அந்தப் பக்கமே இருந்தது.

"கோமுகி வடக்க பாக்குதுடி" என்றார்.

"பலக பத்தலண்ணா. அதான் பிதுங்கிடுச்சு" என்றேன்.

"நீ சும்மா இர்றா."

"இத டவுனுக்கு எடுத்துக்கினு போறேன். ஸ்டுடியோல..."

"கொடில கைய வச்ச, கைய ஒடச்சிருவேன். பொட்டிய கொட்டாய்க்குள்ள போடு. பௌர்ணமிக்கு ஜனம் வரும். யாராச்சும் கேட்டா தானா வளந்துச்சுன்னு சொல்லு."

"நான் வளத்ததுண்ணா."

"கொடி யாருது?"

"உங்குளுது."

"தண்ணி?"

"அதுவும் உங்குளுது."

"மண்ணு? அப்ப நீ வளத்தது எது, சொல்லு. சாமிய பொட்டில அடச்சவன்னு தெரிஞ்சா ஜனம் உன்ன உயிரோட வுடாது. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் நல்லதுக்கு என்று யாராவது சொன்னால் நான் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். அந்தத் தடவை கிளம்பவில்லை. காயை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. மூன்று நாள் கொட்டாயில் அந்தப் பெட்டியோடு படுத்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர்கள் காயைச் சுற்றி மணல் கொட்டுவதும் நாலு மூலைக்குச் சவுக்குக் கழி நட்டுப் பந்தல் போடுவதும் தெரிந்தது.

பௌர்ணமியன்று மத்தியானமே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாதையிலிருந்து வரப்பில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். காய்க்கு மாலை, விபூதிப் பட்டை, கற்பூரம். நான் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொன்னார். தினமும் பார்க்கிற கொடிதானாம், ஒரு நாள் விடியலில் இப்படி நின்றதாம். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் "சுயம்பு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கொட்டாய்க்குள் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன்.

"சுயம்பு இல்லிங்க. இதான் அச்சு. நான் அடிச்சது."

யாரும் தடுப்பதற்கு முன்னால் பலகைகளைக் காயைச் சுற்றி நிறுத்தினேன். நான்கும் போய்ப் பொருந்தின. ரேகைக்கு ரேகை, ஆணிக்கு ஆணி. சந்தில் அந்த நாக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். நான் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நின்றேன்.

முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் குனிந்து சந்தைப் பார்த்தார்.

"பொட்டி நீ அடிச்சதாவே இருக்கட்டும்பா. இந்தப் பக்கம் பலகைய கம்மியா வுடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. பலக அவ்ளோதான் இருந்துச்சு."

"அதான் கேக்கறேன். அவ்ளோதான் இருக்கணும்னு வச்சது யாரு?"

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதிலாக ஒன்று வரவில்லை. பின்னாலிருந்து யாரோ அரோகரா என்றார். கூட்டம் முழுக்க அரோகரா என்றது. ஒரு கிழவி முன்னால் வந்து காய்க்குப் பொட்டு வைத்தாள். மிச்சமிருந்த மஞ்சள் குங்குமத்தைப் பலகையிலும் அப்பினாள். பெட்டியும் சாமியாகிவிட்டது. அந்தப் பெட்டிக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு கிடைத்தது.

இடுப்பில் கொடி அறுக்கும் கத்தி இருந்தது. குனிந்து காம்பை ஒரே இழுப்பில் அறுத்தேன்.

"இப்ப தானா வளரச் சொல்லுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. கும்பிட்ட கைகளாலேயே அடித்தார்கள். நான் திருப்பி அடித்தேன். ஒருத்தன் மூக்காவது உடைந்திருக்கும் என்று நம்புகிறேன். நிலத்துக்காரர் கடைசியாகத்தான் வந்தார். மற்றவர்கள் ஓயும் வரை காத்திருந்து, நிதானமாகக் காதோடு சேர்த்து ஒன்று வைத்தார். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. முற்றின பரங்கிக்காய் காம்பை அறுத்தால் மாசக்கணக்கில் கெடாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மடை பக்கம் விழுந்து கிடந்தபோதே அதை ஒரு புதுத் துண்டில் சுற்றி வீட்டுக்குள் எடுத்துப் போனார்கள். பின்னாலேயே கூட்டமும் போனது.

அவர் மனைவி என் துணி மூட்டையை வரப்பில் வீசினாள். புத்தகம் அதில் இல்லை. திரும்பப் போய்க் கேட்கிற நிலையில் நான் இல்லை.

"இந்தப் பலகையையும் எடுத்துக்கினு போ" என்றாள். "இங்க கெடந்தா இதுக்கும் ஒரு கற்பூரம் கொளுத்துவானுங்க."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிஞ்சிலிருந்து பார்த்தவள். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பலகைகளைக் கம்பியால் கட்டித் தோளில் போட்டேன். வேண்டுமென்றேதான் மலை சுற்றுகிறவர்களுக்கு எதிர்ப் பக்கமாகத் திரும்பி நடந்தேன்.

டவுனில் ஸ்டுடியோ திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் மாட்டியிருந்த படத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளை பெண்ணோடு நின்றான். நான் உள்ளே போகவில்லை. காய் இல்லாமல் வெறும் பலகையின் பக்கத்தில் என்னை நிறுத்தி யார் படம் எடுப்பார்கள்? பஸ் ஸ்டாண்டில் பலகையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

காலையில் காய்கறி மண்டியில் ஆள் கேட்டார்கள். லோடு இறக்க வேண்டியவன் வரவில்லை. லாரி நிறைய பரங்கிக்காய்.

மேஸ்திரி என் உதட்டைப் பார்த்தார். "யாராண்ட வாங்கின?"

"கோயில்ல."

"குடுத்து வச்சவன். ஏறு."

லாரியின் மேல் நின்றவன் ஒவ்வொன்றாக வீசினான். நான் கீழே நின்று பிடித்து அடுக்கினேன். எல்லாம் உருண்டை. நாலு வரிசை ஏறுவதற்குள் அடி வரிசை வழுக்கி ஓடும், குவியல் சரியும், மேஸ்திரி என் அம்மாவை இழுத்துத் திட்டுவார். திரும்ப அடுக்குவேன், திரும்பச் சரியும். மூன்றாவது தடவை சரிந்தபோது, மூட்டையோடு ஓரமாகப் போட்டிருந்த பலகைகளை எடுத்துவந்து, குவியலின் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். கம்பியை இழுத்துத் தூணில் முறுக்கினேன். குவியல் நின்றது.

மேஸ்திரி அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார். குங்குமம் அவர் கட்டை விரலில் ஒட்டிக்கொண்டது.

"எவன்டா இத இங்க வச்சது?"

"நான்தான்."

"எடுத்துடாத. அப்புடியே கெடக்கட்டும்."

மேலேயிருந்து அடுத்த காய் வந்தது. பிடித்தேன்.