எங்கள் வாசலில் நின்றுபோன பாட்டு

இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம். ஏற்காட்டில் மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. கொட்டச்சேடு பக்கம், காபித் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அந்தத் தெருவில் வரிசையாகச் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கிறோம். என் கணவர் மஞ்சக்குட்டைக்கும் டவுனுக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறார். எனக்கு வீட்டிலேயே தையல் வேலை.

எங்களுக்கு ஒரே மகள். சேலத்தில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் ஜூலையில் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரே வரியில் எழுதிவிட்டேன், பாருங்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

ஆனால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அவளோடு ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே வாரம் அதே காய்ச்சல். இரண்டு பேரையும் சேலத்தில் ஒரே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். நானும் அந்தப் பெண்ணின் அம்மாவும் வார்டுக்கு வெளியே ஒரே போர்வையை விரித்து உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். எங்கள் தெரு ஜெபக்குழுவை நடத்துகிறவள் நான். யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்றாலும் ஜெபிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் அங்கேயும் நான் முன்னே சொல்ல, அவள் பின்னே சொன்னாள். இரண்டு பிள்ளைகளும் எழுந்து வந்துவிடும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னதும் நான்தான். அவள் பிள்ளை எழுந்து வந்தது. என் பிள்ளை வரவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள், ஆண்டவருக்கு உங்கள் மகளை ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் கூப்பிட்டுக்கொண்டார் என்றார்கள். எனக்கு இயல்பிலேயே வாய் கொஞ்சம் நீளம். "எனக்குந்தானுங்க புடிச்சிருந்துச்சு, என்னை ஏன் கேக்கலை?" என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. அதுவும் பக்தியினால் இல்லை. கணவர் ஜீப்பை ஸ்டார்ட் செய்துவிட்டு ஒன்றும் பேசாமல் காத்திருப்பார்; பாவம் அந்த மனிதர் என்று ஏறி உட்கார்ந்துவிடுவேன். எல்லோரும் எழுந்தால் எழுந்தேன், முழங்காலிட்டால் முழங்காலிட்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை. மேலே கேட்கிறவர் யாராவது இருக்கிறாரா என்ற சந்தேகம் எனக்குள் நன்றாக வேர்பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு வாசலை நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அந்தப் பெண் உயிரோடு நடமாடுவதைப் பார்த்தால் என் மனதில் என்ன வருமோ என்று எனக்கே பயம்.

இப்படியே அக்டோபர் வந்தது. எங்கள் பக்கம் அது ஜெபமாலை மாதம். மாதாவின் சின்னச் சிலை ஒன்றை, சுரூபம் என்போம், தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோவோம். ஒரு நாள் சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்தால், மறுநாள் சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். பிறகு அந்த வீட்டு அம்மாவே அதைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டே பின்னால் வருவார்கள். வருடா வருடம் அந்தப் பாட்டை எடுத்துக் கொடுப்பது என் மகள்தான்.

எங்கள் வீட்டு முறை வரும் நாள் எனக்குத் தெரியும். என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தேன். இந்த வீட்டில் இனிமேல் ஜெபம் கிடையாது, வேறு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று வாசலிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது. அதோடு கோயிலுக்குப் போவதற்கும் ஒரு கும்பிடு. மெழுகுவர்த்திகூட வாங்கி வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பனி இறங்கியிருந்தது. கணவர் இன்னும் வண்டியில் இருந்து திரும்பவில்லை. தெரு முனையில் பாட்டுச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டேன். பாட்டு நெருங்கி வந்தது. எங்கள் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நின்றுபோனது. இதோ கதவைத் தட்டப் போகிறார்கள் என்று காத்து நின்றேன். யாரும் தட்டவில்லை. ஈரத் தரையில் செருப்புச் சத்தம் மட்டும் மெதுவாக எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. என் மனம் நோகக் கூடாது என்று, சாவு வீட்டைக் கடப்பது மாதிரி வாயை மூடிக்கொண்டு கடந்து போகிறார்கள்.

நான் நினைத்ததுதானே நடந்தது? நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கதவைத் திறந்து வெறுங்காலோடு ஓடினேன்.

"ஏனுங்க, எங்க ஊட்ட மட்டும் தாண்டிப் போறீங்க? நாங்க என்ன வேத்து ஆளுங்களா?"

எதை வேண்டாம் என்று சொல்வதற்காக அத்தனை நேரம் நின்றேனோ, அதையே கேட்டுத் தெருவில் சண்டை பிடித்தேன். அவர்கள் தடுமாறிப் போனார்கள். உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றுதான், என்று ஒருவர் இழுத்தார். பிறகு திரும்பி உள்ளே வந்தார்கள். வைக்க இடம்கூட நான் ஒழித்து வைக்கவில்லை. அலமாரியில் மகளின் போட்டோவுக்குப் பக்கத்தில் சுரூபத்தை வைத்தார்கள். மெழுகுவர்த்தி அவர்களுடையது. ஜெபமாலை அவர்களே சொன்னார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் முழுக்க நானும் அந்தச் சுரூபமும்தான் வீட்டில். தையல் மிஷினில் உட்கார்ந்தால் நேர் எதிரே அது. சும்மா இருப்பேனா நான்? "உம் புள்ள மூணாம் நாளு எந்திரிச்சு வந்துட்டான். எம் புள்ள வரலியே" என்று சொல்லிவிட்டு, மிஷின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். அடக்கச் சடங்கில்கூட அப்படி அழவில்லை. ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டைதான். ஆனாலும் ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கம் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

சாயங்காலம் நெருங்க நெருங்கத்தான் அடுத்த வீடு எது என்பது உறைத்தது. அந்தப் பெண்ணின் வீடு. வேலையிலிருந்து திரும்பிய கணவருக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். சரி என்றுதான் வாயில் வந்தது. ஆனால் தெருவில் கத்திக் கேட்டு வாங்கியவள் நான். சுரூபத்தைக் கையில் எடுத்தேன். பின்னால் வந்தவர்கள் பாடலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். பாடுங்கள் என்றேன்.

பக்கத்து வீட்டு வாசலில் அந்த அம்மா மெழுகுவர்த்தியோடு நின்றிருந்தாள். சுரூபத்தை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"நாந்தானுங்கக்கா உங்க ஊட்டத் தாண்டிட்டு வரச் சொன்னேன். உங்க கையால வாங்கற தைரியம் எனக்கில்லீங்க. எம் புள்ள பொழைச்சு வந்ததுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட இன்னைக்கு வரைக்கும் எனக்கு வாய் வரலீங்க. பக்கத்து ஊட்ல நீங்க அப்பிடி இருக்கையில, நான் எப்பிடிங்கக்கா சொல்லுவேன்?"

ஜெபிக்க வாய் வராதவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரே போர்வையில் உட்கார்ந்து ஜெபித்த இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வாய் அடைத்துப் போயிருக்கிறது. பிள்ளை போனதால் எனக்கு, பிள்ளை இருப்பதால் அவளுக்கு.

கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றிருந்தாள். என் கண்ணில் படக் கூடாது என்று, எங்கள் வாசல் வழியாக வராமல் காபித் தோட்டத்துக்குள் சுற்றிக்கொண்டுதான் அவள் பஸ்ஸுக்குப் போகிறாள் என்று பிறகு தெரிந்தது. "வா சாமி, நீ வந்து வாங்கிக்க" என்றேன். வந்தாள். காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, முகம் சின்னதாகிப் போயிருந்தது. சுரூபத்தைக் கொடுக்கும்போது அவள் விரல்கள் என் கையில் பட்டன. வெதுவெதுப்பாக இருந்தன. உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குப் பாசம் மட்டும் வரவில்லை. இந்தச் சூடு என் பிள்ளையின் கையில் இருந்திருக்கக் கூடாதா என்ற பொறாமையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் போனேன்.

உள்ளே உட்கார்ந்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் அந்த அம்மாவிடம், "நீ நன்றி சொல்லு கண்ணு. நான் கேக்கறேன்" என்றேன். அவள் ஒரு நிமிடம் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டு, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் நான் முன்னே சொன்ன பாதியை இப்போது அவள் சொன்னாள். பின்பாதி, எப்படியென்று தெரியாது, என் வாயிலிருந்து வந்தது. அந்த ஜெபத்தின் முடிவில் வரும் மரண வேளை என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. மீதியை அந்தப் பெண் சொல்லி முடித்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஏன் என் பிள்ளை என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி ஜெபத்தில் சந்தேகம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதையும் கூட்டிக்கொண்டுதான் கோயிலுக்குப் போய் வருகிறேன். இப்போது அந்தப் பெண் எங்கள் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறாள். சில நாள் பார்த்துச் சிரிக்கிறேன், சில நாள் உள்ளே போய் அழுகிறேன். ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் தெரு முனையில் அந்தப் பாட்டுக் கேட்கும்போது, எங்கள் வீட்டுக்கு நேராக வந்ததும் அது நின்றுவிடக் கூடாதே என்று, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நானே சத்தமாகப் பாட ஆரம்பித்துவிடுகிறேன். என்னிடம் மிச்சம் இருக்கும் விசுவாசம் அவ்வளவுதான், அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.