பன்னீருக்குப் பதிலாக நான் தெளித்த செண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், திருவண்ணாமலை வேங்கிக்காலில் புதிதாகத் திறந்த ஒரு செண்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திறப்பு விழா அன்று வாசலில் நின்று, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது என் வேலை. செண்ட் கடைக்குப் பன்னீர் எதற்கு, செண்டையே தெளிக்கலாமே என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த அதிமேதாவித்தனத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் எடுத்தது புது வரவு. பெட்டியில் பாய்மரக் கப்பல், ஒட்டகம், மிளகுக்கொடி எல்லாம் இருந்தன. பழங்கால வணிகர்கள் போன பாதைகளின் மணமாம்; பாலைவனக் காற்றும் கடல் காற்றும் ஒரே புட்டிக்குள். அதை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே எல்லோர் மேலும் புஸ் புஸ் என்று அடித்தேன். சிரித்தபடி உள்ளே போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோரு மணிவாக்கில் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மா வேண்டாம் என்று கையை உயர்த்தினார். கூச்சப்படுகிறார் என்று நினைத்து இன்னும் இரண்டு முறை சேர்த்தே அடித்தேன். இருமத் தொடங்கியவருக்கு மூச்சு இழுத்தது. உதடு வெளுத்துவிட்டது.

"இவளுக்கு வீசிங் இருக்குதுங்க! இழுப்புக்கு வாயில அடிக்கிற பம்பு வண்டியில இருக்குது" என்று கத்திக்கொண்டே கணவர் ஓடினார். தாங்கிப் பிடிக்கலாம் என்று நான் கிட்டே போனால், அந்த அம்மா என்னைத் தள்ளினார். என் புடவை முழுக்க அதே வாசனை. பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்தான் அவரைக் காற்றாட உட்கார வைத்தாள். நான் பத்தடி தள்ளி நின்று அழுதேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

பம்பு வந்தது. கால் மணி நேரத்தில் மூச்சு சீரானது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அங்கியே நில்லும்மா, கிட்ட வராத. எனக்கு எந்த வாசனையும் ஒத்துக்காது. அது எப்படி இருக்கும்னு வாயால சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார்.

பாலைவனக் காற்று என்று ஆரம்பித்தேன். "நீ பாலைவனத்தைப் பாத்திருக்கியா?" என்று கேட்டார். காலையிலிருந்து அதை ஊரெல்லாம் தெளித்த நான், அப்போதுதான் முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் ஒழுங்காக முகர்ந்தேன்.

"பொங்கலுக்கு நெய்ல மிளகு பொரியற வாசனைம்மா. பின்னாடி லேசா சாம்பிராணி. அப்புறம், வெயில்ல காஞ்ச மலைப்பாறை மேல மழை விழுந்தா வருமே, அது."

கண்ணை மூடிக் கேட்டவர், "போதும்மா, ஜாஸ்தி சொல்லாத. மறுபடியும் இழுத்துக்கப் போவுது" என்றார். அவர் கணவர் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். செண்ட் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், முதலில் வாயால் சொல்கிறேன். புட்டியை எடுக்கும்போதெல்லாம் கண் தானாக எதிரில் இருப்பவரின் கையைத் தேடுகிறது. அன்று உயர்ந்த அந்தக் கையை நான் பார்க்காமல் இல்லை, பார்த்துவிட்டுத்தான் அடித்தேன்.