பவுடர் பூசிய முயல்

எங்கள் வீட்டுக்கு வந்த முயல், முயல் மாதிரியே இருக்கவில்லை. முயல் என்றால் வெள்ளையாக இருக்கும், மடியில் வைத்தால் மூக்கை ஆட்டிக்கொண்டு பேசாமல் கிடக்கும் என்றுதான் ஒன்பது வயதில் நான் நம்பியிருந்தேன். கம்பளையில் இருந்து அப்பா கடதாசிப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கியதோ செம்பட்டை நிறம். கால்களும் காதுகளும் நீளம், முதுகு வளைந்திருந்தது. பெட்டியைத் திறந்த மறுகணம் அது குசினிக்குள் பாய்ந்து, அம்மா ஊறவைத்திருந்த உளுந்தைக் கவிழ்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்று எங்களை முறைத்தது.

"இது முயலோ, மான்குட்டியோ?" என்று அம்மா கேட்டார்.

பெல்ஜியன் ஹெயார் என்பது அதன் சாதிப் பெயர். தோற்றத்தில் காட்டு முயல், பிறப்பில் வீட்டு முயல். கம்பளையில் புறாவும் முயலும் வளர்க்கும் ஒரு வியாபாரியிடம் அப்பா அதை வாங்கியிருந்தார். பூனை காலில் உரசினாலே முகம் சுளிக்கிற அப்பா, கந்தோர் வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் கந்தோர் என்று இருந்த அப்பா, பஸ் ஏறிப் போய் ஒரு முயலை வாங்கி வந்தது எனக்குப் பெரிய அதிசயம். மாமாவுக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் வன்னியில் இருந்து வந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறையில் தங்கியிருந்தார். வேலை தேடி வந்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் வேலை தேடிப் போனதை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டி டவுனைக்கூட அவர் பார்க்கவில்லை. வேலை இவரைத் தேடி வரும் என்று காத்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முயல் வந்த பிறகு மாமா ஆளே மாறிவிட்டார். பின்மதிலோடு சேர்த்துப் பலகையும் கம்பிவலையும் அடித்து நீளமாக ஒரு கூடு செய்தார். அந்தச் சாதி முயலுக்குப் பெட்டிக்கூடு சரிவராது, ஓட இடம் வேண்டும், கால் மெல்லியது என்பதால் அடியில் கம்பி போடக்கூடாது என்று கம்பளை வியாபாரி சொல்லியிருந்தாராம். முயல் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓடி, அந்தரத்திலேயே திரும்பி, மறுபடியும் ஓடும். பார்க்கிற எனக்குத்தான் மூச்சு வாங்கும். பயந்துவிட்டால் மட்டும் ஓடாது. ஒரே இடத்தில் நின்று பின்னங்காலால் பலகையில் ஓங்கி அடிக்கும். ஒரு சின்னப் பிராணியின் காலில் இருந்து அவ்வளவு பெரிய சத்தம் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று அம்மா இரண்டு தரம் ஏமாந்திருக்கிறார்.

எனக்குப் பயம் தொடங்கியது ஒரு பாண்காரரால். பின்னேரங்களில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் பேக்கரிப் பாண் விற்க வருகிறவர் அவர். மீதிக்காசு கொடுக்கும்போது வீட்டோரத்தால் பின்பக்கக் கூட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அது காட்டு முயல் அல்லவா, அதைக் கூட்டில் வைத்திருந்தால் வனசீவிக்காரர் வந்து பிடிப்பார்களே என்று சிங்களத்தில் சொன்னார். அம்மாவின் சிங்களம் பாண் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கோ ஒரு சொல் விடாமல் விளங்கிவிட்டது.

மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் பொய் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவருக்கு என்னைச் சீண்டாவிட்டால் சோறு செமிக்காது.

"ஓம் மருமகள். பிடிச்சால் உள்ளுக்குத்தான்."

"முயலையோ?"

"முயலை விட்டிடுவாங்கள். வைச்சிருந்த ஆளைத்தான் கொண்டு போவாங்கள்."

"கொண்டு போய் என்ன செய்வாங்கள்?"

"கேள்வி கேப்பாங்கள். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேப்பாங்கள்," என்றார் மாமா. சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எழும்பிப் புல் வெட்டப் போய்விட்டார்.

முயலை வாங்கியவர் அப்பா. அப்படியென்றால் கொண்டுபோகப்படப் போகிறவரும் அப்பாதான். அன்றிலிருந்து எனக்குக் காக்கி நிறமே ஆகாமல் போயிற்று. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலும் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அப்பா இனி இருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டே படியிறங்குவேன். அவருடைய சப்பாத்தை வாசலில் கண்டால்தான் உயிர் வரும். யாரிடமாவது சொல்லி அழலாம் என்றால், சொன்னால் விசயம் வெளியே போய்விடும் என்ற பயம் வேறு.

கடைசியில் எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முயலை வெள்ளையாக்கிவிட்டால் காட்டு முயல் என்று ஒருவரும் சொல்லமுடியாது அல்லவா? அம்மாவின் பவுடர் டின்னை எடுத்துப் போய் அதன் முதுகில் பூசினேன். முயல் தும்மியது. பிறகு ஒரு குதி குதித்து உதறியது. இருந்த பவுடர் எல்லாம் என் தலையில்தான். மாமா என்னைப் பார்த்து, கலியாணப் பொம்பிளை எங்கை வெளிக்கிட்டிட்டா என்று கேட்டார். அவருக்கென்ன, அவருடைய அப்பாவையா பிடிக்கப் போகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

அவர்கள் வந்தது ஒரு மழை விட்ட பின்னேரம். அப்பா அப்போதுதான் கந்தோரால் வந்து தேத்தண்ணியோடு கதிரையில் சாய்ந்திருந்தார். மாமா வழமைபோலப் பின்கதவால் இறங்கி, ரெயில் பாதைக்கு மேலே உள்ள சரிவில் முயலுக்குப் புல் வெட்டப் போயிருந்தார். அவர் போனதை நான் மட்டும்தான் கண்டேன். அவருடைய அறைக்கதவு சாத்தியபடி கிடந்தது.

யன்னலால் பார்த்தால் படிக்கு மேலே கேற்றடியில் இரண்டு பேர். ஒருவர் தோளில் பையோடு. மற்றவர் பொலிஸ்.

எனக்குக் கை கால் ஓடவில்லை என்று சொல்வது பொய். கை காலெல்லாம் நன்றாகவே ஓடின. பின்பக்கம் பாய்ந்து முயலைத் தூக்கினேன். அது என் கையைப் பிறாண்டியது. அப்படியே அறைக்குள் கொண்டுபோய், அப்பாவின் காற்சட்டைகள் தொங்கும் பெரிய அலுமாரிக்குள் விட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று பவுடர் டின்னை அதன்மேல் முழுதாகக் கவிழ்த்தேன். பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவின் கதிரைக்குப் பின்னால் நின்றேன்.

வந்தவர்கள் டெங்கு பார்க்க வந்தவர்கள். அந்த நாட்களில் மழைக்குப் பிறகு சுகாதாரப் பரிசோதகரும் துணைக்கு ஒரு பொலிஸ்காரரும் வீடு வீடாக வந்து, பூச்சாடி, பழைய டயர், கூரைப் பீலி எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் அது எனக்குத் தெரியாது. அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்ற விதத்தைப் பார்த்தால், அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பரிசோதகர் டெங்கு என்று விளங்கப்படுத்திய பிறகுதான் அப்பாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. வீட்டில் எத்தனை பேர் என்று அவர் கேட்டார்.

மூன்று பேர் என்றார் அப்பா.

நான் அண்ணாந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். ஒரு சின்னப் பொய்க்கும் என் காதைத் திருகுகிறவர், மாமாவை விட்டுவிட்டுப் பச்சைப் பொய் சொல்கிறார். அப்போதுதான் அறைக்குள் இருந்து அந்தச் சத்தம் வந்தது. டப். கொஞ்சம் விட்டு மறுபடியும் டப்.

பொலிஸ்காரர் திரும்பினார். மூன்று பேரும் இங்கே நிற்கிறீர்களே, உள்ளே யார் என்று கேட்டார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. ஒருவருமில்லை சேர் என்றார் அப்பா. டப், டப் என்றது அலுமாரி. ஒருவருமில்லை, ஒருவருமில்லை என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு அறை வாசலை மறித்து நின்றார். அம்மா அப்படி ஒரு அந்நிய ஆணின் முன்னால் நின்று நான் பார்த்ததேயில்லை. பொலிஸ்காரர் அவரை விலகச் சொல்லிவிட்டு உள்ளே போய், அலுமாரியைத் திறக்கச் சொன்னார்.

அப்பா கதவை இழுத்துப் பார்த்தார். திறப்பில்லை. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நான் கையால் பொத்திப் பிடித்திருந்த சட்டைப் பையைப் பார்த்தார்.

"பிள்ளை, திறப்பைத் தாங்கோ," என்றார் அப்பா. அவர் என்னிடம் 'தாங்கோ' என்று மரியாதையாகச் சொன்னது அன்றைக்குத்தான். நான் அழுதுகொண்டே கொடுத்தேன். திறப்பை இரண்டு தரம் துவாரத்துக்குப் பக்கத்தில் குத்தினார். அவர் அலுமாரிக் கதவோடு முகத்தை வைத்து, மெல்ல, தமிழில், "பயப்பிடாதை, நான் நிக்கிறன்," என்றார். முயலோடு அப்பா பேசியதை முதன்முதலாக அன்றைக்குத்தான் கேட்டேன்.

கதவு திறந்தது. வெள்ளைப் புழுதிக்குள் இருந்து முயல் ஒரே பாய்ச்சலில் பொலிஸ்காரரின் தோளுக்கு மேலால் போய்க் கட்டிலில் விழுந்தது. அவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பரிசோதகர், அழகான முயல், என்ன சாதி என்று விசாரித்தார். அதன் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்துத் தினமும் தண்ணீரை மாற்றச் சொன்னார். கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா "ஓம் சேர், ஓம் சேர்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றார். அவர்கள் போனார்கள்.

அப்பா நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். குசினியில் அம்மா பைப்பைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்.

"முயல் தப்பிட்டுதுதானே அம்மா, பிறகேன் அழுறீங்கள்?"

"ஓம் பிள்ளை, தப்பிட்டுது," என்றார் அம்மா.

மாமா புல்லுக்கட்டோடு பின்கதவால் வந்தார். அப்பா எழும்பிப் போய் அந்தக் கட்டை வாங்கிக் கீழே போட்டுவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கையடா போனனீ?"

"புல்லுக்கு அத்தான்."

"நல்லது," என்றார் அப்பா. "நல்லது." பிடித்த கையை வெகுநேரம் விடவில்லை. ஒரு கட்டுப் புல்லுக்கு இவ்வளவு நன்றியா என்று நான் நினைத்தேன்.

அதன் பிறகு மாமா அதிக நாள் எங்களோடு இருக்கவில்லை. ஒரு விடியற்காலை ரெயில் ஏறினார், பிறகு கடல் கடந்தார். முயல் கம்பளைக்கே திரும்பிப் போயிற்று. அது காலால் அடித்ததால்தான் எல்லாம் கெட்டது என்று அதன்மேல் எனக்குப் பல நாள் கோபம்.

மாமா தடுப்பு முகாமில் இருந்து வந்தவர் என்பதும், வீட்டில் தங்குகிறவர்களைப் பொலிஸில் பதியவேண்டிய அந்த நாட்களில் அவர் எங்களோடு இருப்பதை அப்பா அறிவித்திருக்கவில்லை என்பதும் நான் வளர்ந்த பிறகே தெரியவந்தது. அன்று அந்த வீட்டில் எல்லோரும் என்னைப் போலவே முயலுக்காகத்தான் பயந்தார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன். அலுமாரிக்குள் இருப்பது மாமா அல்ல, முயல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.