பாக்கெட்டில் போன நாய் முகம்

இன்றைக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் பிரிஜெட் ஆன்ட்டியைப் பார்த்தேன். எங்கள் பங்குக் கோயிலில் வீடு வீடாகப் போய் கிறிஸ்மஸ் பாட்டு பாடுகிற கேரல் குழுவில் நான் பாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாட வருகிறோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வருவது என் வேலை. கதவைத் திறந்ததுமே ஆன்ட்டி சொன்னார்:

"இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வேணாம் டீனா. அடுத்த வீட்டுக்குப் போயிடுங்க."

அந்த வீட்டை விட்டுவிட்டு நாங்கள் கேரல் போனதே இல்லை. காரணம் ஹாலில் இருந்தது, ஒரு பழைய பெட்ஷீட் போர்த்தி.

பிரிஜெட் ஆன்ட்டி ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறார். எதை ஆரம்பித்தாலும் முழுசாக முடித்தாக வேண்டும் அவருக்கு. போனில் விளையாடினால், ஒரு கட்டத்தில் மூன்று நட்சத்திரமும் வாங்காமல் அடுத்த கட்டத்தைத் தொடமாட்டார். அக்கா மகன் எரிக் குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த ஸ்வெட்டரை, எரிக்குக்கு மீசை முளைத்த பிறகு முடித்தார். அது இப்போது அவர் வீட்டு மிக்ஸிக்கு உறை. பங்கு விழாவில் தம்போலா ஆடும்போது வேறு யாராவது சீட்டில் எல்லா நம்பரும் நிரப்பி ஃபுல் ஹவுஸ் அடித்துவிட்டால் எல்லோரும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு பிரியாணிக்கு ஓடுவார்கள். ஆன்ட்டி மட்டும் நம்பர் கூப்பிடுகிறவரிடம் போய், "பாக்கி நம்பரையும் சொல்லிடுப்பா" என்று நிற்பார். தன் சீட்டு நிரம்பிய பிறகுதான் பிரியாணி.

இதற்கெல்லாம் உச்சம் டிசம்பர் மாதம். ஒவ்வொரு வருஷமும் நவம்பரிலேயே ஒரு பெரிய ஜிக்சா படப்புதிர் வாங்கி, துண்டு துண்டாகச் சேர்த்து, பிளைவுட்டில் ஒட்டி, கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னால் நிறுத்துவார். கேரல் குழு போகிறபோது எப்போதும் ஒரே ஒரு துண்டு குறையும். ஆன்ட்டி சோபாவுக்கு அடியில் குனிந்து தேடுவார். நாங்கள் பாட ஆரம்பித்ததும் அவர் கணவர் ஆம்ப்ரோஸ் அங்கிள் சட்டைப் பாக்கெட்டிலிருந்து அந்தத் துண்டை எடுத்து, மெதுவாக வைத்து அழுத்துவார். எல்லோரும் கைதட்டுவோம். பெட்டியைப் பிரிக்கிற அன்றைக்கே ஒரு துண்டைத் திருடி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். கடைசித் துண்டு தன் கையால் விழ வேண்டும் என்கிற ஒரே ஆசை அவருக்கு. மற்றபடி அவர் ஜிக்சா பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆன்ட்டி பெட்ஷீட்டை விலக்கிக் காட்டினார். பனி விழுகிற ஒரு தெரு. ரொட்டிக்கடை, ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம், கடை வாசலில் சிவப்புக் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு நாய். நாய்க்கு முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பிளைவுட் தெரிந்தது.

"பாக்கெட்லதானே இருக்கும் ஆன்ட்டி. அங்கிளைக் கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? வருஷா வருஷம் எடுக்கிறார், எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் குனிஞ்சு குனிஞ்சு தேடுறேன். இந்தத் தடவையும் இருக்கும்னு சும்மா இருந்தேன். நேத்திக்குத்தான் மனுஷன் மூஞ்சைப் பார்த்தேன், சரியில்லை. பீரோவைத் தலைகீழா கொட்டி வச்சிருக்கார்."

சமையலறை வாசலில் நின்றிருந்த ஆம்ப்ரோஸ் அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். ஜே.சி. ரோட்டில் கார் உதிரிபாகக் கடையில் இருப்பவர். ஆயிரம் நட்டு போல்ட்டுக்கு நடுவில் கேட்டதை எடுத்துத் தருகிற ஆள்.

"பச்சை கட்டம் போட்ட சட்டை டீனா. பாக்கெட்டுக்கு மூடி இருக்கும், பட்டன் இருக்கும். பத்திரமா இருக்கட்டும்னு அதுல போட்டு பட்டனும் போட்டேன். கதவுக்குப் பின்னாலதான் மாட்டியிருந்தேன். இப்ப சட்டையே இல்ல."

"எந்தப் பச்சை? காலர் கிழிஞ்சதா?" என்றார் ஆன்ட்டி.

"கிழியல. கொஞ்சம் தேஞ்சிருக்கு."

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போன மாதக் கடைசியில் எங்கள் பங்கில் ஜம்பிள் சேல் நடந்தது. வீடுகளில் பழைய துணி வாங்கி, ஹாலில் குவித்து, சல்லிசாக விற்போம். அதற்கு ஆன்ட்டி தன் வீட்டுத் துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டினார். எண்ணிப் பார்த்தால் ஒரு டஜனுக்கு ஒன்று குறைந்தது. குறையோடு ஒரு மூட்டையைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் அந்தச் சட்டை. எடுத்து மடித்து மேலே வைத்து முடிச்சுப் போட்டுவிட்டார்.

"பாக்கெட்டைப் பார்க்கல?" என்றார் அங்கிள்.

"பட்டன் போட்டிருந்துச்சே மேன். காலின்னு நினைச்சுட்டேன்."

"காலி பாக்கெட்டுக்கு யாராவது பட்டன் போடுவாங்களா?"

பிறகு அங்கிள் உள்ளே போய், ஓட்ஸ் டப்பா அட்டையில் வெட்டி ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஒரு துண்டைக் கொண்டுவந்தார். ராத்திரி செய்தாராம். ஆன்ட்டி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஆடு."

"குடில்ல ஆடு இருக்கலாம் பிரிஜி. தப்பில்ல."

"ரொட்டிக்கடை வாசல்ல ஆட்டை விட்டா கடைக்காரன் சும்மா இருப்பானா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆட்டை வைக்கவில்லை. பெட்ஷீட்டை மறுபடி இழுத்து மூடினார். அங்கிள் அந்த அட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். படம் குறையாக இருப்பதை ஆன்ட்டியால் தாங்க முடியவில்லை. வைப்பதற்குக் கையில் துண்டு இல்லாமல் கேரல் பாட்டைக் கேட்பதை அங்கிளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே ஓட்டைதான்.

ஜம்பிள் சேலில் அந்த மேசையைப் பார்த்துக்கொண்ட வீணா அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். பச்சைக் கட்டம் போட்ட சட்டை அவருக்கு நினைவிருந்தது. ஜோகுபாளையத்திலிருந்து வந்த ஒரு ஆள் தோளில் வைத்து அளவு பார்த்துவிட்டு வாங்கிப் போனாராம். பெயர் தெரியாது.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள், அல்சூர், ஜோகுபாளையம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களுக்கு இதை அனுப்புங்கள். வாங்கியவருக்கு ஒரு வார்த்தை: சட்டை உங்களுடையது, அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இடது பாக்கெட்டின் பட்டனை மட்டும் கழற்றிப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில், ஒரு கண்ணும் மூக்கும் உள்ள அட்டைத் துண்டு. துவைத்து ஊறிப்போயிருந்தாலும் பரவாயில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்குக்குப் பின்னால், நீல கேட் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு நாங்கள் அந்த கேட்டுக்கு வெளியே பாடத் தயாராக நிற்போம், உள்ளே கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். கொண்டுவருகிறவருக்கு கேக் உண்டு. துண்டை ஆம்ப்ரோஸ் அங்கிள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆன்ட்டி எழுதச் சொன்னார். தான் அந்த நேரம் சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பாராம்.