முட்டைக்கார தேவயானி பின்பக்கமாக மலையேறியது

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஊர்களுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடுவதுதான் தேவயானியின் பிழைப்பு. அதற்கு அவள் வைத்திருந்தது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் இரண்டு சீட்டு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் ஒரு பணக்கார வீட்டில் டிரைவராக இருந்த தம்பி கோகுல்ராஜுக்கு, முதலாளி வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய வண்டி. கோகுல்ராஜ் நல்ல உயரம்; கால் உள்ளே மடங்கவில்லை. "நீதான்க்கா குள்ளம், வெச்சிக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டான். பக்கத்து சீட்டில் முட்டை அட்டைகளை அடுக்கி பெல்ட் போட்டால் அசையாது. புருஷன் பூபாலன் அதில் ஒருதரம் உட்கார்ந்து பார்த்தான். அவனை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதோடு சரி.

ஒரு மழைக்காலத்தில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. மலை இறங்கும்போது ஜோராக இறங்கும். ஆலங்காயம் கடைத்தெருவில் குதிரை மாதிரி ஓடும். ஏறத் தொடங்கியதும் இரண்டாவது வளைவில் இருமி, மூன்றாவதில் செத்துப்போகும். மெக்கானிக் ஃபுர்கான் பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பெட்ரோல் பம்பையும் மாற்றினான். கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

"அக்கா, வண்டி நல்லா கீது. மலைதான் சரியில்ல" என்றான்.

ஒருநாள் அதே வளைவில் வண்டி நின்றதும் அவள் வெறுத்துப்போய், கீழ்நோக்கித் திருப்பினாள். எதிரே டிரைவர் கோபால்சாமியின் பஸ் ஏறி வந்தது. ஒதுங்க இடமில்லை. ரிவர்ஸ் போட்டு மெல்லப் பின்வாங்கினாள். அகலமான இடமும் வந்தது. அப்போதுதான் கவனித்தாள், இன்ஜின் இருமவில்லை. நிறுத்த மனசு வரவில்லை. அப்படியே வளைவுக்கு மேல் வளைவாகப் பின்பக்கமாகவே ஏறி, மலைமேல் இருக்கும் தன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு முட்டைகூட உடையவில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கார் பின்பக்கமாக ஏறும். அதன் மூஞ்சிக்கு நேராக பஸ் ஏறி வரும். திரும்பித் திரும்பிப் பார்த்து அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதால் கோபால்சாமியே கையைக் காட்டி வழி சொன்னார். வலக்கை தூக்கினால் வலதுபக்கம் ஒடிக்க வேண்டும், கும்பிட்டால் பள்ளம். பஸ்ஸின் முன்சீட்டுக்குப் போட்டி வந்தது. அங்கே உட்கார்ந்தவர்கள் கண்ணாடி வழியாக விரலைக் காட்டி முட்டை சொன்னார்கள். ஒரு பெண் மகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடையை விரித்துக் காட்டி, நன்றாயிருக்கிறதா என்று ஜாடையில் கேட்டாள். தேவயானி பார்டர் பெரிசு என்று ஜாடையிலேயே சொன்னாள்.

சோதனைச் சாவடியில் புதிதாக வந்த காவலர் கண்ணாயிரம் மட்டும் கையைப் போட்டு நிறுத்தினார்.

"ஏம்மா, காலையில எறங்கிப் போன. இப்பவும் எறங்குற மாதிரியே நிக்கிற. நடுவுல எப்ப ஏறுன?"

"இப்பதாங்க ஏறிக்கினு கீறேன்."

"மூஞ்சி கீழ பாக்குதே?"

"மூஞ்சி பாக்கும்ங்க. வண்டி ஏறும்ங்க."

அவர் வண்டியை ஒருதரம் சுற்றி வந்துவிட்டு, தலைவலி என்று உள்ளே போய்விட்டார்.

கேள்விப்பட்ட ஃபுர்கானுக்குத் தூக்கமே போயிற்று. மடியில் முட்டை அட்டையோடு அவனே உடன் வந்தான். நேராக ஏறினார்கள், மூன்றாவது வளைவில் செத்தது. திருப்பிப் போட்டு ஏறினார்கள், பாடிக்கொண்டு போயிற்று.

"நிறுத்துக்கா!" என்று கத்தினான். "திருப்புனா இன்ஜின் மாறல, மலை மாறல. டேங்க்ல பெட்ரோல்தான் பின்னாலேர்ந்து முன்னால வருது!"

ரோட்டோரமாகவே டேங்கை இறக்கினான். பெட்ரோலை உறிஞ்சும் குழாயில், நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். நேராக ஏறினால் பெட்ரோல் பின்னால் சரிந்து விரிசல் வெளியே தெரிய, குழாய் வெறும் காற்றைக் குடிக்கிறது. பின்பக்கமாக ஏறினால் விரிசல் முங்கிவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்து மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் தேவயானி நேராக ஏறினாள். ரோடு அவளுக்குப் பிடிபடவில்லை. இத்தனை நாள் கோபால்சாமியின் கையைப் பார்த்து வந்தவளுக்கு இப்போது எதிரில் வெறும் பாறை. கண்ணாயிரம் பதறி ஓடிவந்து, முதல்முறையாக டிக்கியைத் திறக்கச் சொல்லிச் சோதித்தார். மலைமேல் பஸ்ஸை நிறுத்தி இறங்கிய கோபால்சாமி முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

"இன்னாம்மா, இப்டி முதுகக் காட்டிக்கினு போற? பஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸை இவள் கண்ணாடியில் பார்க்கவேயில்லை. ரிவர்ஸில் ஊர்ந்தே பழகிய கால், நேர் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தோ அழுத்தென்று அழுத்தியிருந்தது. வீட்டில் முட்டை அட்டைகளின் பெல்ட்டைக் கழற்றியபோது சீட்டெல்லாம் மஞ்சள்.

பூபாலன் எட்டிப் பார்த்தான். உள்ளே போய்ப் பெரிய வாணலியை எடுத்து வந்தான்.